மாமாவுக்கு வந்த பொருத்தம்

இதனால் மயிலாப்பூர் கடலோரத்துச் சகல ஜனங்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், எங்கள் மாமாவுக்கு நேற்றுக் காலை நல்லதொரு பொருத்தம் அமைந்திருக்கிறது. மாமா காலமாகி நான்கு மாதம் ஆவதைப் பொருத்தம் பார்த்தவர்கள் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மின்னஞ்சலில் வந்தது, மாமா. உன் நுரையீரல் புற்றுநோய்க்கு ஏற்ற புது மருந்துச் சோதனை ஒன்று தயாராம், வாழ்த்துகளாம். கூடவே ஒரு படம். மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட வெள்ளைக்காரத் தாத்தா முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறார். நீ சிரித்தால் இருமல்தான் முந்திக்கொண்டு வரும். அழுகிய நெத்திலிக்கே மூக்கைப் பொத்தாத நான், அந்தப் பல்வரிசையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஊசி இனிமேல் கேட்காது என்று சொன்ன டாக்டர்தான் இந்த வழியையும் சொன்னார். புது மருந்தைச் சோதிக்கும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, அவர்களையும் நோயாளியையும் சேர்த்துவைக்க ஓர் இணையதளம் இருக்கிறது, பதிந்து பாருங்கள் என்றார். அத்தை உன் ரிப்போர்ட்டுகளை மீன்வாசத்தோடு என் மடியில் கொட்டினாள். குப்பத்தில் இங்கிலீஷ் ஃபாரத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்ப என்னை விட்டால் ஆள் ஏது?

"ட்ரையல்னா இன்னாடா?" என்றாய்.

"புது மருந்த உனக்குப் போட்டுப் பாப்பாங்க மாமா."

"டி.நகர்ல பேண்ட்டு போட்டுப் பாக்குற மாதிரியா? புடிக்கலன்னா கழட்டிக் குடுத்துடலாமா?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கத்தான் பொத்தினாள் என்று வைத்துக்கொண்டேன்.

எவ்வளவு தூரம் பயணம் செய்வீர்கள் என்று ஃபாரம் கேட்டது. "கடல்லன்னா எம்மாந்தூரமும் போவேன். பஸ்ஸுன்னா அடையாறு." உங்கள் வேலைகளை நீங்களே செய்துகொள்ள முடிகிறதா என்று கேட்டது. அன்று காலைதான் அத்தை உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டிருந்தாள். நீ அசரவில்லை. "எல்லாம் முடியும்னு போடு. இருமிக்கினே போய் நின்னா எவன் போட்டுல ஏத்துவான்?" மருந்துக்கு ஆள் பிடிப்பதும் மீன்பிடி போட்டுக்கு ஆள் எடுப்பதும் உனக்கு ஒன்றுதான். நானும் எல்லாம் முடியும் என்றே அழுத்தினேன்.

அமெரிக்காவில் ஒஹாயோவில் ஓர் இடம் காட்டியது. "அங்க கடல் கீதா?" "இல்ல மாமா." "அப்ப வேணாம்." பட்டியலில் கடைசியாக, அடையாறுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. பட்டனை அழுத்தினேன். எங்கள் குழு விரைவில் அழைக்கும் என்றது. உன் போனில் உப்புக்காற்று பட்டுப் பாதிப் பட்டன் செத்திருந்ததால் என் நம்பரைக் கொடுத்திருந்தேன். நீ அன்றைக்கே சலூனுக்குப் போய் முகம் வழித்துக்கொண்டு வந்தாய்.

மறுநாளிலிருந்து போன் வந்தது, வேறு போன். உன் நோயை ஊருக்கே ஏலம் விட்டிருந்தார்கள் அந்த இணையதளத்துப் பாவிகள். மூலிகைப் பொடி, புரோட்டீன் மாவு, ஒருத்தன் ஆயுள் காப்பீடுகூட விற்கப் பார்த்தான். "அவனுக்கு ரொம்ப தைரியம்டா," என்றாய் நீ. சாயங்காலமானால் மட்டும், "ஆஸ்பத்திரிலருந்து போன் வந்துச்சா நைனா?" என்று கேட்பாய்.

உன் காரியத்துக்கு வந்த ஒருவரையும் நான் விடவில்லை. நோயாளியின் நம்பரை விற்றுத் தின்கிற கூட்டம், ஆஸ்பத்திரிக்காரன் ஒருத்தன்கூடக் கூப்பிடவில்லை, மற்றவர்கள் ஏமாறலாம், நான் ஒரு ஹலோவிலேயே ஃபிராடைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று முழங்கினேன். "புள்ள எவ்ளோ பாடுபட்டுச்சு," என்றாள் அத்தை.

போன் வந்தது, மாமா.

பதிந்து ஒன்பதாம் நாள். ஓர் அக்கா உன் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டார். அன்றைக்கு அது ஆறாவது அழைப்பு, வீட்டில் என் கூட்டாளிகள் வேறு இருந்தார்கள். பொடி விற்கும் பார்ட்டி என்று நினைத்து, "அவரு நடுக்கடல்ல சுறாவுக்கு ஊசி போட்டுக்கினு கீறாரு, லைன்ல இருங்க" என்றேன். போனை மிக்ஸி பக்கத்தில் வைத்து மிக்ஸியை ஓடவிட்டேன். பசங்கள் உருண்டு சிரித்தார்கள். அக்கா ரொம்ப நேரம் லைனில் இருந்தார். பொடி விற்பவர்கள் அவ்வளவு நேரம் இருக்கமாட்டார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை.

அழைத்தோம், பேச முடியவில்லை என்று மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து மின்னஞ்சல் வந்தபோது உறைத்தது. திரும்பக் கூப்பிட்டால் என் குரலை அந்த அக்கா கண்டுபிடித்துவிடுவாரே என்று கூச்சம். அந்தக் கூச்சத்தில் நான்கு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் கூப்பிட்டேன். இடம் நிரம்பிவிட்டது தம்பி என்றார். திட்டக்கூட இல்லை.

அன்று சாயங்காலமும் நீ கேட்டாய். "வரல மாமா, அவனுங்க எல்லாம் ஃபிராடு" என்றேன். இன்றுவரை எல்லோரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.