முதல்ல தகரம், அப்புறம் கை

என் குருவிக்கு,

உன் சினிமாக் கொட்டாய் மேஸ்திரி ஜெயில்ல இருந்து வந்துட்டான்டா. நேத்து சாயங்காலம் தோல் பதப்படுத்துற ஆவாரம்பட்டையை இடிச்சு முடிச்சு வெளிய வர்றேன், தோல்ஷாப்பு வாசல்ல நிக்கிறான். ரெண்டு கையும் வெந்து சுருங்கி, விரலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு. அடிக்க வந்தான்னு நெனைச்சு உலக்கையை ஓங்கிட்டேன்.

"அடிச்சுக்கோ. ஆனா ஒண்ணு சொல்லு. உன் தம்பி கையை நான் தொட்டேனா?" ன்னு கேட்டான்.

உலக்கையைக் கீழ போட்டுட்டு வந்துட்டேன். அவன் கேட்டதுக்குப் பதிலைத்தான் இப்ப உனக்கு எழுதறேன். மிஷன் பள்ளிக்கூடத்துல ரெண்டாங் கிளாசோட நின்னவ எழுதற எழுத்து, கோழி கிளறுன மாதிரிதான் இருக்கும், சிரிக்காத. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் உபதேசியார் இதை எல்லார் முன்னாலயும் வாசிக்கப் போறாரு. அதனால உனக்குத் தெரிஞ்சதையும் சேத்து எழுதறேன். மத்தவங்களுக்குப் புரியணும் இல்ல?

சினிமாக் கொட்டாய்க்குக் கம்பம் நடப் போனவன் நீ. ஆம்பூர் ஸ்டேஷன்ல இருந்து மாட்டு வண்டியில அந்தப் படம் காட்டற மிஷின் வந்து எறங்குச்சு, நீ அதைக் கையால சுத்துறவனா அதோடயே நின்னுட்டே. மொதல்ல கார்பைடு விளக்கு. மூஞ்சி எது முதுகு எதுன்னு தெரியாது. அப்புறம் கொட்டாய் முதலாளி எண்ணெய் எஞ்சின் வாங்கி, கரிக்குச்சி வெச்சு மின்சாரத்துல வெளிச்சம் போட்டாரு. கண்ணைக் குத்துற வெளிச்சம். எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாத ஆளு அவரு. தனக்குப் புடிச்ச படத்தைத்தான் வரவழைப்பாரு, கூட்டம் கம்மியானாலும் மாத்த மாட்டாரு. ஆனா நம்மள எங்க உக்கார வெச்சாரு?

திரைக்குப் பின்னால. தோல்ஷாப்பு ஜனங்க கிட்ட நாத்தம் அடிக்குதுன்னு முன்னால இருக்கறவங்க சொன்னாங்களாம். நாங்க முன்னால வராதபடி திரைக் கம்பத்துல இருந்து ரெண்டு பக்கமும் கயிறு கட்டிட்டாங்க. துணி நனைஞ்சாத்தான் படம் பின்பக்கம் தெரியும். ஆட்டத்துக்கு முன்னால குடம் குடமா தண்ணி அடிக்கிறது நான்தான். எங்களுக்கு எல்லாமே திருப்பித்தான் தெரியும்.

"இன்னாடா குருவி, உன் ராஜாவுங்க எல்லாம் பீச்சாங்கைப் பசங்களா? ஒருத்தனும் சோத்துக்கையில கத்தி புடிக்க மாட்டேங்கறான்?" ன்னு உன்னைக் கேப்பேன்.

"ஒரு நாளைக்கி முன்னால வந்து பாருக்கா."

"நானா வேணாங்கறேன்? உன் மேஸ்திரியைக் கேளு."

நீ மூஞ்சியைத் திருப்பிக்குவே.

பின்னால உக்காந்திருந்தாலும் உன் கை எனக்குத் தெரியும். காலைல என்னோட சண்டை போட்டுட்டுப் போனா, அன்னிக்கி குதிரை எல்லாம் பறக்கும். உனக்குத் தோள் வலிச்சா, ராணி மசக்கைக்காரி மாதிரி நடப்பா. ஃபிலிமைப் பத்தி நீ சொன்னதும் மறக்கல. "வெடிமருந்துக்கா அது. ஓடுற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. வெளிச்சத்துக்கு முன்னால நின்னுச்சுன்னா, நீ மூணு எண்றதுக்குள்ள பத்திக்கும்." அதுக்குத்தான் வெளிச்சத்தை மறைக்க ஒரு தகரம். அதை எறக்கிட்டுத்தான் கைப்பிடியை விடணும். முதல்ல தகரம், அப்புறம் கை. நீ தூக்கத்துலயும் சொல்லுவே. "சோறு துன்னும்போதும் தகரம் போட்டுட்டுத்தான் கையை எடுப்பியா?" ன்னு நான் கிண்டல் பண்ணுவேன்.

அன்னிக்கி நல்ல மழை. தோல்ஷாப்புத் தண்ணி எல்லாம் பொங்கி வந்து பின்பக்கம் முழங்கால் வரைக்கும் சேறு. என்னோட பட்டை இடிக்கிற மரியா சொன்னா, "வாக்கா, கயித்தைத் தாண்டிடலாம். இன்னா, தலையையா வாங்கிடுவாங்க?" தாண்டிட்டோம். ராஜா சோத்துக்கையில கத்தி புடிச்சிருந்தான்டா. நான் சத்தமா சிரிச்சுட்டேன்.

அந்தச் சிரிப்புதான் காட்டிக் குடுத்துச்சு. மேஸ்திரி மூங்கில் கட்டையால மரியா தோள்ல போட்டான், கட்டை ரெண்டா ஒடைஞ்சுது. என் தலைமயிரைக் கையில சுத்தி, திரைக்கு முன்னால தரதரன்னு இழுத்தான். வாயெல்லாம் ரத்தம். "இழுத்து வெளிய போடு"ன்னு கூட்டம் கத்துது. உன் வெளிச்சம் என் மூஞ்சி மேல அடிக்குது.

நான் "குருவி"ன்னு கத்துனேன். இதை இது வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல.

நான் கத்துனதுக்கு அப்புறம் படம் மெதுவாச்சு. ஓங்குன கத்தி எறங்கி எறங்கி, அந்தரத்துலயே நின்னுடுச்சு. ஆனா இருட்டு வரல. தகரம் விழுந்திருந்தா மொதல்ல இருட்டு இல்ல வந்திருக்கணும்? ராஜா நெஞ்சுல பழுப்பா ஒரு பொட்டு. அது கொப்புளிச்சு ஓட்டையாச்சு. ஓட்டை வெள்ளையாச்சு. அப்புறம் மிஷின் பக்கம் நெருப்பு கெளம்புச்சு.

மேல மழை, உள்ள நெருப்பு. ஜனங்க ஒருத்தர ஒருத்தர் மிதிச்சிட்டு ஓடுனாங்க. மரியா அந்தக் கயித்துலயே கால் மாட்டி விழுந்தா, எழுந்திரிக்கவே இல்ல. மேஸ்திரி என் மயிரை விட்டுட்டு உன்கிட்ட ஓடுனான். உன்னை அடிக்க ஓடுனானா, தூக்க ஓடுனானா, எனக்குத் தெரியாது. ஆனா அவன் ஓடுனது நெருப்பு புடிச்ச அப்புறம்தான். உன்னைச் சவப்பெட்டியில வெக்க ஜாஸ்தி ஒண்ணும் மிஞ்சலடா.

மறுநாள் முதலாளி இன்ஸ்பெக்டர்கிட்ட, "அவன் குடிச்சிட்டுத் தூங்கிட்டான்"ன்னாரு. நீயா? எனக்கு ரத்தம் கொதிச்சுது. "மேஸ்திரி கட்டையால கையில அடிச்சான், அதான் மிஷின் நின்னுச்சு"ன்னு சொல்லிட்டேன். அவனோட வெந்த கையே சாட்சியாப் போச்சு. யாரும் மறுகேள்வி கேக்கல. பொய்டா அது. அவன் உன் கையைத் தொடல.

என் மயிரை இழுத்ததுக்கும், மரியாவை அடிச்சதுக்கும் அவன் ஜெயிலுக்குப் போயிருந்தா நான் இனிப்பு வாங்கிக் குடுத்திருப்பேன். அதுக்கு யாரும் அவனைக் கேக்கவே இல்ல. செய்யாததுக்குப் போயிட்டு வந்திருக்கான்.

இப்ப அதே எடத்துல தகரக் கூரை போட்டு கொட்டகை கட்டியிருக்காங்க. படம் பேசுதாம், கத்தி மோதுற சத்தம் ரோட்டுக்கே கேக்குது. மிஷினை மோட்டாரு சுத்துது, கை வேணாம். திரையைச் செவுத்தோட ஒட்டி வெச்சுட்டாங்க, பின்பக்கமே கெடையாது. அதனால நம்ம ஜனங்களையும் முன்னால தரையில விடுறாங்க. நம்மள முன்னால விட ஒரு செவுரு போதும்னு இருந்திருக்கு பாரு. நான் இன்னும் போகல.

உன் மிஷின்ல மிஞ்சுனது கைப்பிடி மட்டும்தான், என் துணிப்பெட்டியில இருக்கு. மரம் எரிஞ்சு வெறும் இரும்பு. அப்பப்ப எடுத்து சும்மா காத்துல சுத்திப் பாப்பேன். களைச்ச கையும் மெதுவாத்தான் நிக்குது. துணிஞ்ச கையும் அப்படித்தான் நிக்குமா?

ஞாயித்துக்கிழமை மொத பெஞ்சில மரியா புருஷன் உக்காந்திருப்பாரு. இதைக் கேட்டுட்டு என் மூஞ்சில துப்பட்டும், தொடைச்சிக்க மாட்டேன். மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போய், மேஸ்திரி உன் கையைத் தொடலன்னு என் வாயால சொல்லிடுவேன். பொய் சொன்னதுக்கு என்னை உள்ள போட்டா போட்டும். இது உன் மேல சத்தியம். "அப்ப மிஷினை யார் நிறுத்தினா?" ன்னு கேப்பாங்க. அதை நான் உன்கிட்டதான் கேக்கணும்.

நான் கத்துன கத்துல தகரத்தை மறந்துட்டியா, இல்ல, எரியட்டும்னு வேணும்னே கையை விட்டியாடா, குருவி?

கயித்தைத் தாண்டி வந்த
உன் அக்கா