பதினேழாம் நம்பர் ஜெர்சி

ஜனவரி 10, சனி

காலையில் கடும் பனிமூட்டம். மெட்ரோவில் இறங்கிக் கல்லூரி பஸ் ஏறும்வரை எதிர்க் கட்டடம் தெரியவில்லை. மதியத்துக்கு மேல் வெயில், அப்புறம் நல்ல காற்று.

கடைசி லீக் கால்பந்து ஆட்டம். 2-1, ஜெயித்தோம். அரையிறுதிக்குப் போய்விட்டோம். எட்டுக் கல்லூரி சேர்ந்த இந்த கான்ஃபரன்ஸில் எங்கள் கல்லூரி இவ்வளவு தூரம் வந்ததே இல்லையாம். பிரகாஷ் சார் எல்லோரையும் கட்டிப்பிடித்தார். என்னைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டு, "குட் ஜாப் கோமதி." கோச் அவர்தான், விளையாட்டுத் துறைத் தலைவரும் அவர்தான். நான் அந்தத் துறையின் ஆபீஸ் அசிஸ்டென்ட். வீடியோ எடுப்பது, ஜெர்சி எண்ணி வாங்குவது, விசா பேப்பர், டிக்கெட் போடுவது எல்லாம் என் தலையில்.

இடைவேளைக்குப் பிறகு எங்கள் ஃபார்வர்டு ஆதித்யாவுக்கு மூக்கில் முழங்கை பட்டு ரத்தம். ஒன்பதாம் நம்பர் ஜெர்சி முழுக்க. ரத்தம் பட்ட ஜெர்சியோடு ஆட விடமாட்டார்கள். ஸ்பேர் ஜெர்சி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எங்களிடம் இல்லை. அக்டோபரிலேயே கேட்டு எழுதினேன், பதில் இல்லை. இங்கே எல்லாக் கல்லூரியும் செய்வதையே நாங்களும் செய்தோம்: பெஞ்சில் இருப்பவனுடையதைக் கழற்றி மாட்டுவது. பெஞ்சில் இருந்த முத்து தன் பதினேழைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ட்ராக் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஃபோர்த் ரெஃப்ரிகிட்ட சொல்லிடு" என்றார் சார். மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் நான்காவது நடுவர். சுற்றிலும் ஏழெட்டு ஆண்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு. நான் சொன்னேன். அவர் திரும்பாமலே கட்டைவிரலைக் காட்டினார். எழுதினாரா என்று பார்க்கவில்லை. இன்னொரு தடவை சொல்லக் கூச்சம்.

கடைசி நேரத்தில் ஆதித்யா எதிரணிப் பையனை உதைத்து ரெட் கார்டு. அரையிறுதியில் அவன் இல்லை. எங்கள் கோல்களில் பாதிக்கு மேல் அவன் போட்டது.

வாங்க: ஷாம்பூ, ஐடி கார்டு கயிறு.

ஜனவரி 11, ஞாயிறு

லீவு. கராமாவில் மூன்று பேர் சேர்ந்து இருக்கும் எங்கள் அறையில் துணி துவைப்பதற்கு வரிசை. நர்ஸ் ஷீலா அக்கா வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டால் மதியம்வரை விடமாட்டாள்.

அம்மா போன். "பந்து ஆட்டத்துல ஒனக்கு என்ன வேலை, பி.காம் படிச்சிட்டு கல்ஃபுக்குப் போயி?" எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும்தான்.

சுவரில் புது ஈரம். வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். யார் சொல்வது என்று மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஜனவரி 12, திங்கள்

லீக் அலுவலகத்திலிருந்து மெயில். ரெட் கார்டு, இரண்டு ஆட்டத் தடை. நம்பர் 17. இசக்கிமுத்து, அதாவது நம் முத்து.

சிரிப்பு வந்தது முதலில். ரெஃப்ரி ஜெர்சியைப் பார்த்து நம்பரை எழுதியிருக்கிறார். அவர்கள் நம்பருக்கு எதிரே இருந்த பெயரை எடுத்துப் போட்டுவிட்டார்கள். சாரிடம் ஓடினேன்.

"சார், ஆதித்யாவுக்குப் பதிலா முத்து பேரு வந்திருக்கு. நாளைக்கு மதியத்துக்குள்ள திருத்தம் அனுப்பலாம்னு போட்டிருக்காங்க."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். எனக்கு நாற்காலி காட்டினார். டீ சொன்னார். இந்த ஒரு வருஷத்தில் எனக்கு டீ சொன்னது இதுதான் முதல் தடவை.

"திருத்தம் எதுக்குமா? கடவுளாப் பாத்துக் குடுத்தது. ஆதித்யா இல்லாம செமிஃபைனல் ஆட முடியுமா?"

"முத்துவுக்கு..."

"அவன் இந்த சீசன்ல ஒரு நிமிஷம்கூட ஆடல. ஆடாதவனுக்குத் தடை வந்தா என்ன நஷ்டம்? மெயிலைப் பாத்ததுமே நான் அவன்கிட்ட பேசிட்டேன். ஓகேன்னுட்டான். நீ டென்ஷன் ஆகாத."

நஷ்டம் என்னவென்று அவருக்குத் தெரியும். முத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் தூத்துக்குடியிலிருந்து வந்தவன். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டலுக்கும் பணம் கிடையாது, விசாவும் கல்லூரியுடையது. சீசன் முழுக்க ஒரு கான்ஃபரன்ஸ் ஆட்டத்திலாவது இறங்காதவனுக்கு அடுத்த வருஷம் கோட்டா இல்லை என்பது விதி. நவம்பரில் கணுக்கால் பிசகி, போன வாரம்தான் டாக்டர் ஆடலாம் என்றார். மிச்சமிருப்பது அரையிறுதி. ஜெயித்தால் ஒரு ஃபைனல். இரண்டிலும் தடை.

டீயில் சர்க்கரை அதிகம். முழுக்கக் குடித்தேன். கூச்சம்.

பிற்பகல் கேன்டீனில் முத்துவைப் பிடித்தேன். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"சார் பேசினாராடா?"

"ஆமாக்கா. கோட்டாவ நான் பாத்துக்கிடுதேன், நீ கவலப்படாதன்னு சொன்னாவ."

"எழுதிக் குடுத்தாரா?"

சிரித்தான். "சார்ட்ட போயி எழுதித் தாங்கன்னு எப்படிக்கா கேக்க?"

"ஒனக்கு சரிதானா இது?"

ஒரு துண்டைச் சால்னாவில் தோய்த்தான். "சனிக்கிழம அப்பா ஃபுஜைராலருந்து வாராவ. ட்யூட்டி மாத்தி வாங்கிட்டாவளாம். வரவேண்டாம்னு சொல்லணும்." பிறகு பரோட்டா.

பாத்துக்கிடுதேன். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். என் அப்பா எந்த ஆபீஸ் கவுன்ட்டரிலும் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசுவார்: "பாத்துச் செய்யுங்க சார்." உள்ளே இருப்பவர் "பாப்போம்" என்பார். யாரும் பார்த்ததில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

அனுப்பிவிட்டேன்.

11.20. ஜெர்சி மாற்றும் இடம் நான் எடுத்த வீடியோவில் தெளிவாக இருந்தது. வெட்டி இணைத்தேன். இரண்டு வரி. "சம்பந்தப்பட்ட ஆட்டக்காரர் அப்போது பெஞ்சில் இருந்தார்." என் பெயர், என் பதவி. பொத்தானை அழுத்திவிட்டு பாத்ரூமில் போய் நின்றேன். கண்ணாடியில் யாரோ மாதிரி.

சாப்பிடவில்லை. பசிக்கவில்லை.

நான்கு மணிக்குப் பதில். திருத்திவிட்டார்கள். தடை நம்பர் 9-க்கு. 17 விளையாடலாம். வருத்தம்கூடத் தெரிவித்திருந்தார்கள்.

சார் வாசித்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. ப்ராக்டீஸில் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, "கோமதி மேடத்துக்கு ஒரு க்ளாப் பண்ணுங்க. ரொம்ப நேர்மையானவங்க" என்றார். பாதிப் பேர் நிஜமாகவே கைதட்டினார்கள். முத்து புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆதித்யா என்னிடம் வந்தான். கத்தாரில் பிறந்து வளர்ந்த பையன், அப்பா அங்கே ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் இன்ஜினியர். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். "அக்கா, சீரியஸ்லி? நீங்க நம்ம டீம்தானே?"

இருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். லீவு கிடையாது. ஷீலா அக்கா குக்கரில் பொங்கல் வைத்தாள். மலையாளி, அதனால் வெல்லம் கொஞ்சம் முன்னே பின்னே. நன்றாக இருந்தது.

ஆபீஸ் நிலவரம்:
ஸ்டோர் ரூம் சாவியைச் சார் வாங்கிக்கொண்டார்.
டீம் வாட்ஸ்அப் குரூப்பில் நான் இல்லை.
வீடியோவை ஒரு மாணவன் எடுப்பானாம். "நீ ரெஸ்ட் எடுமா."
சனிக்கிழமை டீம் பஸ்ஸில் இடம் இல்லையாம். இருபது சீட் காலியாக ஓடும் பஸ்.

முத்துவின் கணுக்கால் நன்றாக இருக்கிறது. ஜன்னலிலிருந்து பார்த்தேன். ப்ராக்டீஸில் இரண்டு கோல் போட்டான். சார் பார்த்தார். எனக்கு அது போதும் போல இருந்தது. சாரின் கோபம் என்மேல்தான். ஆட்டம் என்று வந்துவிட்டால் ஆட்டத்தைத்தான் பார்ப்பார். ஜெயிக்க வேண்டுமே அவருக்கு.

ஜனவரி 17, சனி

அரையிறுதி. சொந்தமாக டாக்ஸி பிடித்துப் போனேன். லேசான குளிர். அந்தி நேர மக்ரிப் தொழுகை முடிந்துதான் ஆட்டம்.

முத்துவின் அப்பா எனக்கு முன்பே வந்து கேலரியில் உட்கார்ந்திருந்தார். ஃபுஜைராவில் எண்ணெய் டேங்க் யார்டில் பெயின்டிங் வேலை. இஸ்திரி போட்ட சட்டை, கையில் தூத்துக்குடி மக்ரூன் டப்பா. ஊருக்குப் போய் வந்தவர் கொடுத்ததாம்.

"நீதான கோமதி? பய சொல்லுவான். எடுத்துக்கம்மா."

"பரவால்ல அண்ணாச்சி."

"அட எடு. வரவேண்டாம்னான், பொறவு வாங்கன்னான். என்னடா வெளாட்டுன்னு நானும் வந்துட்டேன். முன்னால ஆடுவானா, பின்னால ஆடுவானா?"

"முன்னாடி."

ஆதித்யா இல்லாத இடத்தில் ஒரு டிஃபெண்டர். முத்து பெஞ்சில். முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கினோம். இடைவேளைக்குப் பிறகு முத்துவை வார்ம் அப் பண்ணச் சொன்னார் சார். அவன் கோட்டோரமாக ஓடினான். நீட்டினான், குனிந்தான், மறுபடி ஓடினான். அவன் அப்பா எழுந்து நின்றார். ஒருவன் மாறினான். இன்னொருவன். மூன்றாவது, நான்காவது. முத்து ஓடிக்கொண்டே இருந்தான்.

"எப்பம்மா விடுவாவ?"

"இப்போ அண்ணாச்சி."

ஐந்தில் ஒரு மாற்று மிச்சம். ஆட்டம் முடியப் போகிறது, ஒரு கோல் போதும். பெஞ்சில் ஃபார்வர்டு ஆடத் தெரிந்தவன் முத்து ஒருவன்தான். சார் எழுந்தார். இரண்டாவது கோல்கீப்பரைக் கூப்பிட்டார். அந்தப் பையனே நம்பாமல் தன்னைத்தானே விரலால் தொட்டுக் காட்டினான். "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தித் தள்ளி, முன்வரிசையில் இறக்கினார். பிறகு திரும்பிக் கேலரியைப் பார்த்தார். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தார்.

0-1. சீசன் முடிந்தது.

தோற்கத் தயாராக இருந்திருக்கிறார். அது எனக்குத் தோன்றவே இல்லை. ஜெயிப்பதைவிட ஒரு ஆபீஸ் அசிஸ்டென்டுக்குப் பாடம் சொல்வது பெரிதாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்.

அவன் அப்பா மெதுவாக உட்கார்ந்தார். "அடுத்த மேச்சு என்னைக்கு?"

"இனி இல்ல அண்ணாச்சி. இதோட சரி."

"அப்படியா." டப்பாவை மூடினார். ரப்பர் பேண்டு போட்டார்.

ஜனவரி 19, திங்கள்

புழுதிக் காற்று. மேசையெல்லாம் மண்.

கோட்டா மீட்டிங் முடிந்தது. அடுத்த வருஷப் பட்டியலை நானே டைப் அடித்தேன். அதில் முத்து இல்லை. "விதின்னு ஒண்ணு இருக்கே கோமதி. உனக்குத்தான் விதி ரொம்ப முக்கியம்" என்றார் சார். குரலில் கோபமே இல்லை.

முத்து ஆபீஸுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் ஒங்கள எழுதச் சொல்லலையேக்கா."

"அவரு பாத்துக்குவார்னு நம்புனியா நீ?"

"நம்பாம? இல்ல, ஏமாத்தியிருந்தா ஏமாத்தியிருக்கட்டும். அவரு ஏமாத்துனதா போயிருக்கும்ல. இப்ப என்னன்னு சொல்ல? எல்லாவனும் எங்கிட்ட வந்து, உங்க அக்காதான் கெடுத்துட்டான்னு சொல்லுதான்."

"நீ நல்லா இருக்கணும்னுதான்..."

"தெரியும்க்கா." கதவுக்கு அருகில் நின்று, "ஒருவாட்டி எங்கிட்ட கேட்டுருக்கலாம்ல" என்றான்.

கேட்டேன். சரிதானா என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை, பரோட்டா சாப்பிட்டான். அந்த மௌனத்தை எனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டேன். பேசத் தெரியாதவர்களின் மௌனம் எனக்குப் புரியும் என்று ஒரு திமிர். நானும் அப்படித்தானே என்று.

நான் எழுதாமல் இருந்திருந்தால் சார் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருப்பாரோ? தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.

ஜனவரி 20, செவ்வாய்

தலைவலி. வேறு ஒன்றும் எழுத இல்லை. வீட்டுக்காரரிடம் ஈரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "பாக்கலாம்" என்றார்.

ஜனவரி 21, புதன்

முத்துவுக்கு டிக்கெட் போட்டேன். திருவனந்தபுரம், ஒரு வழி. விசா கேன்சல் பேப்பரில் கையெழுத்து வாங்க வேண்டும், வரச் சொன்னேன். போட்டுவிட்டு, பேனாவை மூடிக் கொடுத்தான்.

"அக்கா, அப்பாட்ட கணுக்கால் திரும்பவும் போச்சுன்னு சொல்லியிருக்கேன். அதான் எறக்கல, அதான் அனுப்புதாவன்னு. ஒங்களுக்குப் போன் வரும். நீங்களும் அப்படியே சொல்லிருங்க."

"ஏன்டா?"

"அடிபட்டுப் போனா ஊர்ல ஒண்ணும் கேக்க மாட்டாவ. இத எப்படிச் சொல்ல? ஜெர்சி, கார்டு, மெயிலுன்னு. சொன்னாலும் அவியளுக்கு வெளங்கணும்ல." கொஞ்சம் நின்றான். "இந்த ஒரு தடவ நான் சொல்லுததைச் செய்யுங்கக்கா."

மூன்று மணிக்குப் போன் வந்தது. பின்னால் ஏதோ மெஷின் சத்தம், யார்டிலிருந்துதான்.

"கோமதியா? பயலுக்குக் காலு எப்படிம்மா இருக்கு? எங்கிட்ட மறைக்கானோன்னு இருக்கு."

"வீக்கம் இருக்கு அண்ணாச்சி. டாக்டர் இனி ஆடக்கூடாதுன்னுட்டார்."

"நெசமாத்தானா?"

"நெசந்தான்."

மெஷினை யாரோ நிறுத்தினார்கள்.

"சரிம்மா. படிச்ச பிள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.