சார் ஊதிய விசில்

மே 14, வியாழன்
காலையிலேயே அனல். கறுப்பு பேண்ட்டைத் துவைத்துப் போட்டேன்.

ராஜாங்கம் அண்ணன் போன். எந்த பாஸ்கட்பால் மேட்சுக்கு எந்த ரெஃப்ரி என்று போடுபவர். “டீச்சர், சனிக்கிழமை ஆம்பளைங்க செமி ஒங்களுக்குத்தான். எத்தனை நாளைக்கு அன்னவாசல்ல சின்னப் புள்ளைங்களுக்கே ஊதிக்கிட்டு இருப்பீங்க? பெரிய மேட்சுல நின்னாத்தான் வரும்.” என்கூட ஊதப்போவது ஆரோக்கியம் சார். பெரிய பெரிய மேட்ச் எல்லாம் ஊதியவர்.

சரி என்றேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்ச நாளாகவே எதிலும் இப்படித்தான்.

வீட்டுக்காரர்: “ஆம்பளைங்க மேட்சா? கண்டபடி திட்டுவாய்ங்களே.” திட்டட்டும். மாவு அரைத்தேன்.

மே 15, வெள்ளி
வாங்க: ஷூ லேஸ், குளுக்கோஸ், உளுந்து. ரூல்ஸ் புத்தகம் எடுத்தேன். நாலு பக்கம். தூங்கிவிட்டேன்.

மே 16, சனி
புதுக்கோட்டை. பஸ்ஸில் நின்றுகொண்டே. சாயங்கால மேட்ச், நல்ல கூட்டம்.

கோர்ட்டை இரண்டு ரெஃப்ரியும் பிரித்துக்கொள்வோம். அவரவர் பக்கத்தை அவரவர் ஊத வேண்டும். கடைசி நிமிடம் வரை ஒரு குறையும் இல்லை. ஒரே பாயிண்ட் வித்தியாசம். கூடைக்கு அடியில், என் கண் முன்னால், மணமேல்குடி டீம் பையன் கையில் எதிர் டீம்காரன் அடித்தான். பார்த்தேன். மூச்சு இழுத்தேன். அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து சார் ஊதிவிட்டார். சரியான ஃபவுல்தான்.

கூட்டத்தில் ஒருவன்: “அந்தக்கா எங்க ஊதப்போகுது.”

முடிந்ததும் சார்: “நானே ஊதிட்டேம்மா. ஒங்கள எதுக்குத் திட்டு வாங்க விடணும்?” நல்ல மனிதர். தேங்க்ஸ் சார் என்றேன்.

பஸ்ஸில் வேர்க்கடலை. கோபம்கூட வரவில்லை.

மே 17, ஞாயிறு
மேகம் போட்டிருக்கிறது, மழை இல்லை. ஒரு வாளி துணி.

துவைக்கும்போதெல்லாம் அந்த அடிதான். என் பக்கம் நடந்தது. நான் ஊதியிருப்பேனா? இனி யாருக்கும் தெரியாது. எனக்கும்.

மத்தியானம் அண்ணன் போன். “நேத்து பிரச்சினை இல்லாம முடிஞ்சிருச்சு. பைனலும் போடவா? சார் கூடத்தான், பயப்படாதீங்க.”

“போடுங்கண்ணே. சார் வேண்டாம்.”

“ஏன், சார் எதும் சொன்னாரா?”

“இல்லண்ணே. என் பக்கத்த நான்தான் ஊதணும்.”

“சார விட்டா குளத்தூர் ஜெனிபர்தான் இருக்கு. அதும் ஒங்கள மாதிரி புதுசு. ரெண்டு பேரையும் உண்டு இல்லன்னு ஆக்கிருவாய்ங்க.”

“ஜெனிபரையே போடுங்க.”

போட்டுவிட்டார்.

பயமாக இருக்கிறது.