ஐஸ் பெட்டிக்கு அடியில்

வெள்ளி, இரவு.

காவிரியில் ஆள் ஏற்றும் எங்கள் படகின் மேல்பலகை தண்ணீரில் ஊறிவிட்டதால், இன்று படகைப் பட்டறையில் விட்டோம். மழைத்தண்ணீரை இறைக்காமல் கெடுத்துவிட்டார் என்று மாதக்கணக்காக என் வீட்டுக்காரரைத் திட்டிவந்தேன். ஆசாரி பலகையைப் பெயர்த்தார். மற்ற இடமெல்லாம் உறுதியாக இருந்தது. நான் மீன் விற்க ஐஸ் பெட்டி வைத்திருந்த இடத்தில் மட்டும் மரம் விரல் பட்டாலே உதிர்ந்தது.

“இங்க என்னத்த வெச்சிருந்தீங்க?” என்றார் ஆசாரி.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். “ஒன்னுமில்லீங்க. மழத்தண்ணிதான். நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன்.”

வழிநெடுகிலும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட நினைத்தேன்.

“ஏனுங்க...”

“என்ன புள்ள?”

“சோறு போடட்டுங்களா?” என்றுதான் வாயில் வந்தது.