பதினாறடி ஒழுங்கை

கோப்பாய்
02.03.2025

மதிப்புக்குரிய ஆழ்வாப்பிள்ளை அண்ணைக்கு,

நான் நலம். நீங்களும் நலமென்று தெரியும், விடிய உங்கள் இருமல் இங்கே கேட்கிறது. எதிர்வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுகிறவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான். என்ன செய்வது, பதினொரு வருடமாக எங்களுக்குள் கதை பேச்சு இல்லையே.

விசயத்துக்கு வருகிறேன். பிரதேச சபையின் புதிய காணித் திட்டத்தில் எங்கள் பக்கம் குடியிருப்புப் பகுதியாகிவிட்டது. இனி வீடுகளுக்குப் போகிற ஒழுங்கை பதினாறடி அகலம் இருந்தால்தான் உள்ளே வீடு கட்ட அனுமதி. எங்கள் ஒழுங்கையோ எட்டடி. ஆளுக்கு நாலடி விட்டு, நாங்கள் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

வளவின் பின்பக்கத்தை மகள் கஜந்தினிக்குக் கொடுத்திருக்கிறேன். "அனுமதி கிடைக்காட்டி நாங்கள் கொழும்பில ஒரு பிளாட்டைப் பாக்கிறம் அம்மா" என்கிறாள். அவளும் மருமகனும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் பல்லியும்தான். தயவுசெய்து யோசியுங்கள்.

இப்படிக்கு,
மீனாம்பிகை

கோப்பாய்
06.03.2025

திருமதி மீனாம்பிகை அவர்களுக்கு,

வாசல் படலையில் செருகியிருந்த கடிதம் கிடைத்தது. முன்பு வெங்காய லொறி வந்துபோன ஒழுங்கை இது. ஒடுக்கியது யார்? உங்கள் வீட்டுக்காரர் வேலி அடைத்தபோது கதியால் தடிகளை ஒழுங்கைக்குள் தள்ளி நட்டார். கேட்டதற்கு, "உன்ரை வேலையைப் பார்" என்றார். மறைந்தவரைக் குறை சொல்லக்கூடாது, ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

நாலடி விட்டால் என் கிணறு போய்விடும். வேலியோடு ஒட்டித்தான் அதன் கட்டு நிற்கிறது. நல்ல தண்ணீர்க் கிணற்றைத் தூர்த்துவிட்டு நான் போத்தல் தண்ணீர் குடிப்பதா? கையெழுத்து வைக்க மாட்டேன். பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை.

ஆழ்வாப்பிள்ளை

கோப்பாய்
11.03.2025

அண்ணைக்கு,

அவர் ஒரு முழம் தள்ளினார், உண்மை. அடுத்த கிழமையே நீங்கள் உங்கள் பக்கத்தால் இரண்டு முழம் தள்ளினீர்களே, அதையும் எழுதியிருக்கலாம். நீங்கள் இரண்டு பேரும் போட்டிக்கு வேலி அடைத்த அழகில், உள்ளே வந்த ஓட்டோ திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே போகிறது.

கிணற்றை நான் நினைக்கவில்லை, அது என் பிழை. நேற்றுச் சபைக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற பெண்பிள்ளை ஒருத்தி, "ரெண்டு பேரும் சம்மதிச்சா ஒரு பக்கத்தாலயே எட்டடியும் எடுக்கலாம் அன்ரி" என்றாள். ஆகவே எட்டடியும் நானே விடுகிறேன். மாமரமும் முன்விறாந்தையில் பாதியும் போகும். போகட்டும், என் மகள் இங்கே நின்றால் போதும். நீங்கள் கையெழுத்து மட்டும் வையுங்கள்.

எனக்குத் தியாகிப் பட்டம் வேண்டாம். மரம் தறிக்கிற அன்று நான் அழுவேன். உங்களுக்குக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீனாம்பிகை

கோப்பாய்
29.03.2025

அண்ணை,

கடிதம் கிடைத்ததா? வருகிற வெள்ளிக்கிழமை கொழும்பில் பிளாட் விற்கிறவருக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். கஜந்தினி என் முகத்தைப் பார்ப்பதில்லை. 'இல்லை' என்றாலும் எழுதிவிடுங்கள்.

மீனாம்பிகை

கோப்பாய்
02.04.2025

தங்கச்சி மீனாம்பிகைக்கு,

பிந்திவிட்டேன். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு எனக்கு வெட்கமாயிருந்தது. வெட்கப்பட்டவன் என்னத்தை எழுதுவது?

இன்று சபைக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டேன். எட்டடிக்கு அல்ல. என் பக்கம் நாலடி நானும் விட்டிருக்கிறேன், கிணறு உள்ள இடத்தில் மட்டும் ஒழுங்கை உங்கள் பக்கம் வளையும். அளந்தவர் விறாந்தை தப்பும் என்றார். மாமரம் தப்பாதாம். எவ்வளவோ கதைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. மன்னியுங்கள்.

இன்னொன்று, நீங்களே கண்டிருப்பீர்கள். நேற்று நீங்கள் வீட்டில் இல்லாத நேரம், கூலிக்கு வருகிற றமேசைக் கூப்பிட்டு வேலியைப் பிரித்துக் கிணற்றுக்குப் பின்னால் அடைப்பித்தேன். "ஐயா, உங்களுக்கென்ன விசரே? ஆரும் கிணத்தை வேலிக்கு வெளியால விடுவினமே?" என்று கேட்டான். காரணம் இதுதான்: உங்கள் கிணறு உவர். உவர்த் தண்ணீரில் சீமெந்து குழைத்தால் வீடு நிற்குமா? இந்த ஒழுங்கையில் இன்னும் வீடுகள் வரும். வருகிறவர்களும் அள்ளட்டும்.

கஜந்தினியிடம் வெள்ளிக்கிழமைக்கு முன்னரே சொல்லுங்கள். கிணற்றுக்குக் கப்பியும் கயிறும் புதிதாகப் போட்டிருக்கிறேன். அத்திவாரம் வெட்டுகிற அன்று முதல் வாளித் தண்ணீரை நான் அள்ளித் தருவேன்.

அன்புடன்,
ஆழ்வாப்பிள்ளை அண்ணை