மேனேஜர் சாப்பிடுவதில்லை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி மழைக்கு வருவதும் வெயிலுக்குப் போவதுமாக இருக்கிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் காற்று மழை எதுவும் படுத்தாமல், வேளைக்குச் சாப்பிட்டு, கப்பலில் எல்லாரோடும் நல்லபடியாக இருப்பாய் என்ற நினைப்போடு இதை ஆரம்பிக்கிறேன். போன தடவை நீ பேசியபோது, மேனேஜர் எப்படிப்பா இருக்காரு என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, சொல்லிடாதீங்க என்று கையாலேயே ஜாடை காட்டிக்கொண்டிருந்தாள். லைன் போனதும், நல்லதாப் போச்சு, நடுக்கடல்ல இருக்கற பொண்ணு இதைக் கேட்டு என்ன பண்ணுவா என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் நீ கேட்ட கேள்வி என் காதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் அவளிடம் சொல்லிவிட்டே உட்கார்ந்து எழுதுகிறேன். இது அடுத்த துறைமுகத்தில் உன் கம்பெனி ஆளிடம் போய்ச் சேர்ந்து, அவர் உன் கையில் கொடுப்பதற்குள் இங்கே என்னென்ன ஆகியிருக்குமோ, அதுவும் தெரியவில்லை.

மேனேஜருக்கு உடம்பு சரியில்லை அம்மாடி. மாடி வீட்டு டீச்சர் வீடு மாறும்போது உன் கையில் கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து அந்த ஆமை ஒரு வேளை கூடச் சாப்பாட்டை வேண்டாம் என்றதில்லை. எதைக் கேட்டாலும் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் உள்ளே இழுத்துக்கொள்கிறார் என்று நீதான் அவருக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாய். இப்போது கழுத்தை நீட்டுவதும் இல்லை. நீ போன பிறகு எதிர்ப்பக்கம் பழைய இரும்புக் கடை இருந்த இடத்தில் ஆறு மாடி எழுப்பிவிட்டார்கள். நம் பால்கனிக்கு வந்துகொண்டிருந்த வெயில் முழுக்க அவர்கள் சுவருக்குப் போய்விட்டது, அம்மாவுக்குத் துணி காய்வதே பெரும்பாடு. அதோடு குளிரும் வந்ததால், பாவம் நடுங்கப் போறாரு என்று அம்மா அவரைத் தொட்டியோடு ஹாலுக்குத் தூக்கி வந்து ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். அங்கே காலையில் நல்ல வெயில் விழும், கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால் குளிரும் அண்டாது. நீ மாட்டிவிட்டுப் போன விளக்கும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. இதைவிட ஒரு ஆமைக்கு என்ன வேண்டும் என்றுதான் நாங்கள் இருந்தோம்.

முதலில் கீரையை மோந்துவிட்டு அப்படியே விட்டார். நாங்கள் பதறிப்போய் வெள்ளரிக்காய் கொடுத்தோம், பாலில் ஊறவைத்த பிரெட் கொடுத்தோம், அதைக் கொஞ்சம் தின்றார், தின்கிறாரே என்று அதையே கொடுத்தோம். பிறகு அதுவும் நின்றது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. மூக்கில் சின்னச் சின்னக் குமிழி. தூக்கினால் வெறும் ஓடு மாதிரி கனமே இல்லை. காதோடு வைத்துக் கேட்டால், மூச்சு விடும்போது கேஸ் கசிகிற குழாய் போல மெல்லிசாக ஒரு சத்தம். ஃபிரிட்ஜாக இருந்தால் சோப்பு நுரை தடவி ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து அடைத்திருப்பேன். என்ன செய்ய, ஆயுசு பூராவும் எதையாவது குளிர வைத்தே பிழைத்தவன் நான், இவருக்கு வேண்டியதோ சூடு.

ஊரின் அந்தக் கோடியில் ஆமை பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார் என்று நம் தெருவின் நாய் டாக்டர்தான் சொன்னார். கூடையில் துணியை விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, பஸ்ஸில் கொண்டுபோனோம். பக்கத்து சீட்டுக்காரர் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, உயிரோடதான் இருக்கா என்று கேட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். டாக்டரம்மா உன் வயதுதான் இருப்பார், மேனேஜரைத் தலைகீழாகத் திருப்பாமல் பக்குவமாகத் தூக்கி, ஓட்டின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். அது அமுங்கியது. நகம் மாதிரி அமுங்கியது அம்மாடி. விளக்கைப் பற்றிக் கேட்டார். சூடு ஒரு டிகிரி கூடக் குறைய இல்லாமல் சரியாக வைத்திருக்கிறேன், நானே தெர்மோஸ்டாட் போட்டிருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சூடு சரிதான் சார், வெளிச்சம்தான் சரியில்ல என்றார். கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் சூடு வருமாம், ஆமைக்கு வேண்டிய கதிர் வராதாம், அது இல்லாவிட்டால் தின்கிற சுண்ணாம்புச் சத்து ஓட்டில் ஒட்டாதாம். நீ வாங்கி மாட்டிய விளக்கில் அந்தக் கதிர் உண்டு, ஆனால் சில மாதத்தில் தீர்ந்துவிடுமாம். பல்பு எரியும், பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது, மாத்திடணும் என்றார். எரிகிற பல்பை யார் அம்மாடி மாற்றுவார்கள்?

ஊசி போட்டார், மருந்து கொடுத்தார். பாலும் பிரெட்டும் கூடவே கூடாது, வெள்ளரியில் தண்ணீர்தான் இருக்கு, கரும்பச்சைக் கீரை, செம்பருத்தி இலை, புல் பூண்டு இதுதான் வேணும் என்றார். பிரெட் என்றதும் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நீ எழுதும்போது பிரெட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதே, அவளாகவே போதுமான அளவுக்கு நொந்துகொண்டிருக்கிறாள். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடை முழுகாத ஆழத்துக்கு மட்டும், கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். முழங்கால் வலியோடு குளியலறையில் மணையைப் போட்டு உட்கார்ந்து, கொஞ்சம் குடிங்க, ஒரு வாய் குடிங்க, எங்களுக்காகக் குடிங்க என்று கெஞ்சுவாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கூட அவள் குரலில் இவ்வளவு மரியாதையைக் கேட்டதில்லை. அவர் தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவள் அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள், நான் கதவருகே துண்டோடு நிற்பேன். இதுதான் எங்கள் காலைப் பொழுது.

நடுவில் உன் மாமா வந்தான். அக்காவைப் பார்த்தான், ஆமையைப் பார்த்தான், பார்த்துவிட்டு, மச்சான், ஆமையெல்லாம் குளிர்ல மாசக்கணக்காத் தூங்கி எழுந்திரிக்கும், சில பேரு ஃபிரிட்ஜ்லயே வெச்சுப் பாத்துக்கறாங்களாம், உங்ககிட்ட இல்லாத ஃபிரிட்ஜா என்றான். அவன் எப்போதும் பேசுகிற பேச்சுதான், ஆனால் அன்றைக்கு அது என் மண்டையில் ஏறிவிட்டது. நேரே நம் ரிப்பேர் கடைக்குப் போனேன். ஒரு சின்ன ஃபிரிட்ஜைக் காலி பண்ணித் துடைத்து, கதவு ரப்பரை மாற்றி, காற்றுக்கு வழி செய்து, உள்ளே தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, முள் அசையாமல் நிற்கிற அளவுக்குக் கொண்டுவந்தேன். என் கைக்குத் தெரிந்த வேலை கிடைத்துவிட்டது என்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா, விசில் கூட அடித்தேனாம், எதிர்க்கடைக்காரர் சொன்னார். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் அலறாத குறைதான். சார், அது சில ஜாதிக்குத்தான், அதுவும் நல்லாக் கொழுகொழுன்னு இருக்கறதுக்கு. நோயாளியைக் குளிர்ல வெச்சா தூங்கும், ஆனா எழுந்திரிக்காது என்றார். நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த ஃபிரிட்ஜின் முன்னால் ஸ்டூலைப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கழற்றிய தட்டுகளைத் திரும்ப மாட்டக் கூட மனசு வரவில்லை.

இன்னொரு நாள் மத்தியானம் பெரிய மழை, கரண்ட் போய்விட்டது. விளக்கு அணைந்த தொட்டி சீக்கிரமே ஜில்லிட்டது. கேஸில் வெந்நீர் போட்டுப் பாட்டிலில் ஊற்றினோம், அது போதவில்லை. கடைசியில் நான் சட்டையைத் தளர்த்தி அவரை என் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டு, மேலே போர்வையைப் போர்த்திச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கீழ் வீட்டுத் தையல்காரர் மெழுகுவத்தி கேட்டு வந்தவர், என் வயிற்றையும் போர்வையையும் பார்த்துவிட்டு மெழுகுவத்தியை வாங்காமலே திரும்பிப் போனார். கரண்ட் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என் வயிறெல்லாம் ஈரமாகிச் சூடாக வழிந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் போர்வையை விலக்கிப் பார்த்து, ஏங்க, வெளிக்குப் போயிருக்காருங்க, உள்ள எல்லாம் வேலை செய்யுதுங்க என்று கையைத் தட்டினாள். அந்தச் சட்டையை உடனே துவைக்கக் கூட விடவில்லை, டாக்டரம்மாவிடம் நிறம் சொல்ல வேண்டுமாம்.

ஆனால் அதற்குப் பிறகும் அவர் வாயைத் திறக்கவில்லை. வாயில் குழாய் விட்டு ஊட்ட நானும் முயன்றேன், தலைமுடி அகலத்துக்குச் செம்புக் குழாய் பற்ற வைத்த கைதான், அந்தச் சின்னத் தலை உள்ளே இழுத்துக்கொள்ளும்போது எங்கே கழுத்து ஒடிந்துவிடுமோ என்று குழாயைக் கீழே வைத்துவிட்டது. டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து, இனிமேல் ரெண்டு வழிதான் சார் என்றார். மயக்க மருந்து கொடுத்துக் கழுத்துப் பக்கமாகத் துளை போட்டு வயிற்றுக்குக் குழாய் வைக்கலாம், இந்த நிலைமையில் மயக்கத்திலிருந்து திரும்பாமலே போகலாம். இல்லையென்றால் வீட்டில் வைத்துக்கொண்டு, வலியில்லாமல் பார்த்துக்கொண்டு, நடப்பது நடக்கட்டும் என்று விடலாம். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க, ஆனா ரொம்ப யோசிக்காதீங்க என்றார். என் மகளோடது, அவளைக் கேட்கணும் என்றேன். கேளுங்க என்றார். உன் நம்பருக்கு எத்தனை தடவை போட்டேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் உன் கம்பெனி ஆபீசுக்குப் போட்டேன். எடுத்த பெண் நல்ல மாதிரி, குடும்பத்தில் அவசரம்னா கப்பலுக்குத் தகவல் சொல்லிடலாம் சார், யாருக்கு உடம்பு சரியில்ல என்று கனிவாகக் கேட்டாள். ஆமை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பரவாயில்லம்மா என்று வைத்துவிட்டேன். அம்மா கேட்டாள், என்ன சொன்னாங்க? நான் கீரை வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவளும் விட்டுவிட்டாள்.

உன்னைக் கேட்காமலே, பண்ணுங்கம்மா என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி ஹாலில் தலையில் புனல் மாட்டிய நாய் ஒன்று, கூண்டில் ஒரு கிளி, நாங்கள் இரண்டு பேர். அவர் முழித்ததும் பசிக்குமே என்று அம்மா ஒரு டப்பா நிறைய செம்பருத்தி இலையை மடியில் வைத்திருந்தாள். உள்ளே கூப்பிட்டபோது மேனேஜர் கால் நான்கும் தொங்கிப்போய்க் கிடந்தார், ஓட்டின் மேல் பிளாஸ்திரி போட்டு ஒரு மெல்லிய குழாய். நான் கதவிலேயே நின்றுவிட்டேன். டாக்டரம்மா ஒரு கருவியைக் கழுத்தோரம் வைத்து, கேளுங்க என்றார். புஸ் என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை, போயிற்று என்று நினைத்தேன், அப்புறம் இன்னொரு புஸ். இதுங்களுக்கு அப்படித்தான் சார், மெதுவாத்தான் அடிக்கும் என்றார். ஒவ்வொரு இடைவெளியிலும் நானும் அம்மாவும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். சாயங்காலம் வரைக்கும் அசைவில்லை. பிறகு அம்மா பின்னங்கால் பாதத்தை விரலால் தடவினாள், அந்தக் கால் மெல்ல, மிக மெல்ல, உள்ளே போனது. டாக்டரம்மா சிரித்தார். ஆனா இதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காதீங்க என்றும் சொன்னார்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். அம்மா கீரையை மாவு போல அரைத்து வடிகட்டித் தருகிறாள், நான் குழாயில் ஊசியில்லாத சிரிஞ்சை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறேன். சாப்பிடுகிறார் என்று சொல்ல முடியாது, சாப்பாடு உள்ளே போகிறது, அவ்வளவுதான். புது விளக்கு மாட்டியாகிவிட்டது. வெயில் இருக்கிற நாளில் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போகிறேன், பாதி வெயில் பாதி நிழல் இருக்க வேண்டும், அவரே வேண்டிய பக்கம் போய்க்கொள்வார் என்றார்கள். அவர் போவதில்லை, நான்தான் சதுரங்கக் காய் மாதிரி அங்கும் இங்கும் நகர்த்தி வைக்கிறேன். ஒரு கண் திறந்திருக்கிறது. மூச்சில் சத்தம் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது, அம்மா இல்லை என்கிறாள். எடை இறங்கவில்லை, ஏறவும் இல்லை. பிழைப்பாரா என்று கேட்டால், தெரிய மாசக்கணக்காகும் என்கிறார் டாக்டரம்மா. நாங்கள் செய்வதெல்லாம் அவருக்குப் போய்ச் சேருகிறதா என்று அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அதுதான் என்னைப் போட்டு வதைக்கிறது. முனகினால் கூடப் பரவாயில்லை.

ஒன்று கேட்கிறேன், இதற்கு மட்டும் உடனே பதில் போடு. இந்தத் தடவை உனக்குப் பதிலாக நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஒருவேளை டாக்டரம்மா ஒருநாள், போதும் சார், விட்டுடலாம் என்று சொன்னால், அதற்குச் சரி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாவுக்கும் வராது. நாங்கள் இழுத்துக்கொண்டே போய் அவரைப் பாடாய்ப் படுத்திவிடுவோம். விடுங்கப்பா என்றோ விடாதீங்க என்றோ உன் கையால் எழுதி அனுப்பு, நான் அதை டாக்டரம்மாவிடம் காட்டிவிடுகிறேன். இதுவரை நான் செய்தது தப்பு என்று தோன்றினால் அதையும் எழுது, எனக்காக மழுப்பாதே.

கப்பலில் கரண்ட் வேலை செய்யும்போது கையில் வாட்ச், மோதிரம் எதுவும் போட்டுக்கொள்ளாதே, மெயினை அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டே தொடு. நீ தொடுகிற கம்பியெல்லாம் உனக்கு அடங்கி நடக்கட்டும், போகிற துறைமுகமெல்லாம் உனக்கு நல்ல முகம் காட்டட்டும். அம்மா உனக்கு உச்சி முகர்ந்து முத்தம் சொல்லச் சொன்னாள். சிரிஞ்சைக் கழுவி வைத்துவிட்டாளாம், கூப்பிடுகிறாள், போக வேண்டும்.

என்றும் உன் நலம் கோரும்,
அப்பா