மற்றக் குரல்

கொட்டாஞ்சேனை
டிசம்பர் 1996

அன்புத் தோழிக்கு,

இதைத் தபாலில் போடாமல் மடத்துச் சிஸ்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

"பாடேக்க நீ என்னைக் கேக்கிறதே இல்லை" என்று கோபித்து நீ மன்னாருக்குப் போன மறுநாள் பொலிஸ் வந்தது. நீ இங்கே பொலிசில் பதியாமல்தானே தங்கியிருந்தாய். நாம் சேர்ந்து பாடிப் பதிந்த கசெட்டைப் போட்டுக் கேட்டார்கள். இரண்டு சோப்ரானோக்கள், இரண்டும் உச்சப் பெண்குரல்.

"மற்றக் குரல் ஆருடையது?"

"இரண்டும் நான்தான் சேர். தனித்தனியாப் பாடிச் சேர்த்தது."

"அப்ப பாடு."

என் மேல்குரலைப் பாடினேன். பிறகு உன் கீழ்க்குரலை. ஒருநாளும் பாடிப் பழகாதது, ஓரிடமும் பிசகவில்லை. நீ மூச்செடுக்கும் இடங்கள்கூடத் தெரிந்திருந்தன. நம்பிப் போய்விட்டார்கள்.

நத்தாருக்கு வராதே. நம்பினாலும் வீட்டை இன்னும் கவனிக்கிறார்கள். அன்று தேவாலயத்தில் உன் குரலைத்தான் பாடுவேன். மேல்குரல் இல்லாமலே பூசை முடியட்டும்.

இப்படிக்கு,
உன்னைக் கேட்டுக்கொண்டே நின்றவள்